சார்ஜன்ட் சொல்லாமல் விட்டவை

1995 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை 9.25. லண்டன், பிளேஸ்டோ ரயில் நிலையத்தில் டிக்கெட் விற்கும் பெண் எனக்கு டிக்கெட் தர மறுத்துவிட்டார். அன்று முழுவதும் ரயிலிலும் பஸ்ஸிலும் ஏறி இறங்கக்கூடிய டிக்கெட் மூன்று பவுண் முப்பது பென்ஸ். ஆனால் அந்த விலை ஒன்பதரை மணிக்குப் பிறகுதான். கண்ணாடிக்கு அப்பால் அவர் சும்மாதான் இருந்தார். எனக்குப் பின்னால் வரிசையும் இல்லை. ஐந்து நிமிடம் ஓரமாக நின்றுவிட்டு, மணிக்கூடு ஒன்பதரை காட்டியதும் அதே பெண்ணிடம் அதே டிக்கெட்டை அதே காசுக்கு வாங்கினேன். இந்த நாட்டில் சட்டத்தை மணிக்கூட்டில் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று எரிச்சலுடன் சொன்னேன்.

"விடுங்கோ ஐயா. சட்டமெண்டால் அப்பிடித்தானே," என்றார் சிவராசா.

சிவராசாவைப் பற்றிச் சொல்லவேண்டும். என் தங்கை மகன் இந்திரன் பிளேஸ்டோவில் வாங்கியிருக்கும் வீட்டில், ஊரிலிருந்து வந்த நான் தங்கியிருக்கும் அதே வீட்டில், கீழ் அறையில் வாடகைக்கு இருப்பவர். வயது நாற்பத்திரண்டு. ஊரில் சாவகச்சேரிப் பக்கம் வான் ஓட்டியவர், இங்கே ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்கிறார். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் வவுனியாவில் உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கிறார்கள். அகதியாக ஏற்கச் சொல்லி அவர் கொடுத்த விண்ணப்பத்தை அரசாங்கம் தள்ளிவிட்டது. அதற்கு எதிரான மேன்முறையீடு வரும் வியாழக்கிழமை. வென்றால் குடும்பத்தைக் கூப்பிடலாம். தோற்றால் அவரையே திருப்பி அனுப்புவார்கள். வழக்குக்கு முன்னரே நீதிமன்றம் இருக்கும் கோட்டடியைப் போய்ப் பார்த்து வைப்பது எங்கள் ஆட்களின் பழக்கம். அதற்காகத்தான் அன்று அவர் என்னுடன் கிளம்பினார்.

நான் கிளம்பியது வேறு காரியத்துக்கு. யாழ்ப்பாண நீதிமன்றங்களில் முப்பத்தொரு வருடம் மொழிபெயர்ப்பு முதலியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நீதவான் இங்கிலிசில் கேட்பதைக் கூண்டில் நிற்பவனுக்குத் தமிழில் சொல்வதும், அவன் தமிழில் சொல்வதை நீதவானுக்கு இங்கிலிசில் சொல்வதும் என் தொழில். உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், மாற்றலாகிப் போன ஒரு நீதவான் தம்முடைய அலுமாரியை அப்படியே விட்டுப் போனார். அதற்குள் நாற்பத்தெட்டுப் பக்கத்தில் ஓர் ஆங்கிலத் துண்டுப்பிரசுரம் கிடந்தது. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தியது. கறையான் ஓரங்களைத் தின்றிருந்தது. எழுதியவர் தம் பெயரைப் போடவில்லை. முன்பு படையில் அதிகாரியாயிருந்து இப்போது பாரிஸ்டராக இருக்கும் ஒருவர் என்று மட்டும் முகப்பில் போட்டிருந்தார். கப்டன் பதவி வரை உயர்ந்தவர் என்பது உள்ளே வாசித்தால் தெரியும். ஆகவே நான் அவரைக் கப்டன் என்றே சொல்வேன்.

அந்தப் பிரசுரத்தை எத்தனை தரம் வாசித்திருப்பேன் என்று கணக்கில்லை. கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் கப்டனின் கதையைச் சொல்லி ஆட்களின் காதை அறுத்திருக்கிறேன். என்னைத் தூரத்தில் கண்டதுமே "கப்டன் வாறார்" என்று நழுவுகிறவர்கள் ஊரில் உண்டு. எனக்கு அது உள்ளூரப் பெருமை. லண்டனுக்கு வந்தால் கோபுர மணிக்கூட்டையும் மகாராணியின் மாளிகையையும் பார்க்காவிட்டாலும், கப்டன் பாரிஸ்டர் ஆன இடத்தைப் பார்த்துவிடுவது என்று இருந்தேன்.

10.20. பிளேஸ்டோவிலிருந்து பதின்மூன்றாவது ஸ்டேஷன் டெம்பிள். வெளியே வந்தால் எதிரே தேம்ஸ் ஆறு, கலங்கிய தேயிலைத் தண்ணீர் நிறத்தில் ஓடுகிறது. ஆற்றுக்குப் பக்கவாட்டில் நடந்து ஒரு வாசலுக்குள் நுழைந்ததும் நகரத்தின் இரைச்சல் அடங்கிவிடுகிறது. பாரிஸ்டர்மாருக்கென்றே பல நூறு வருடமாக இருந்துவரும் இடம் அது. கல் பாவிய ஒடுங்கிய சந்துகள், காஸ் விளக்குக் கம்பங்கள், புல்தரை. ஒவ்வொரு மாடிப்படியின் அடியிலும் ஒரு பலகையில் அங்கே அறை வைத்திருக்கும் பாரிஸ்டர்மாரின் பெயர்கள் கறுப்பு மையில் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. நான் ஒவ்வொரு பலகையாக வாசித்துக்கொண்டு போனேன். காவலாளி ஒருவர் வந்து, யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார்.

"பெயர் தெரியாது."

"எந்த மாடி?"

"அதுவும் தெரியாது. நூற்றைம்பது வருடத்துக்கு முன் இங்கே இருந்தவர்."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "அப்படியானால் சார், இன்றைக்கு மதியத்துக்குள் வரமாட்டார்," என்றார். அவர் சிரிக்கவே இல்லை. எனக்குக் கோபம் வந்தாலும் பதில் பிடித்திருந்தது.

சாப்பாட்டு மண்டபத்தை வாசலில் நின்று பார்க்க விட்டார். கறுத்த மரக்கூரை, சுவரெல்லாம் பிரபுக்களின் கேடயங்கள், நீண்ட மேசைகள். கப்டன் காலத்தில் பாரிஸ்டர் ஆவதற்குப் பரீட்சை கிடையாது. இந்த மண்டபத்தில் குறித்த தொகை இராச்சாப்பாடு சாப்பிட்டு முடித்தால் போதும். தாம் சட்டம் படித்துப் பாரிஸ்டர் ஆகவில்லை, ஆட்டிறைச்சி மென்று பாரிஸ்டர் ஆனதாகக் கப்டனே எழுதுகிறார். சாப்பாட்டுக்குக் காசு உள்ளவன் வாதாடுகிறான், இல்லாதவன் கூண்டில் நிற்கிறான் என்பது அவர் கொதிப்பு. நான் மரக்கறிக்காரன். இங்கே பிறந்திருந்தால் முதலாம் வருடமே தோற்றிருப்பேன் என்று சொன்னபோது சிவராசா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

12.15. ஆற்றோரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து, இந்திரனின் மனைவி கட்டித் தந்த ரொட்டியையும் சம்பலையும் சாப்பிட்டோம். கடையில் தேநீர் அறுபது பென்ஸ், அதுவும் சாயம் இறங்காத தேநீர். சாப்பிட்டபடியே கப்டனின் கதையைச் சொன்னேன். சிவராசாவுக்கு ஓடித் தப்ப இடமில்லை.

கப்டனுக்குப் பதினேழு வயதில் தகப்பன் காசு கொடுத்துப் படையில் பதவி வாங்கிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது வழக்கம். பத்து வருடம் கழித்து அவருடைய படைப்பிரிவில் ஒரு சிப்பாய், கோப்ரலை அடிக்கக் கையோங்கினான் என்று பிடிபட்டான். அயர்லாந்தின் மேற்குக் கரையில் பிறந்தவன், அந்த ஊர்ப் பாஷையைத் தவிர வேறு அறியான். ஐந்து அதிகாரிகள் இருந்து விசாரித்தார்கள். அவன் பாஷை தெரிந்த ஒரு சார்ஜன்டைக் கூப்பிட்டு மொழிபெயர்க்க வைத்தார்கள். கையோங்கினாயா என்று சார்ஜன்ட் கேட்டான், சிப்பாய் சொன்ன பதிலை இங்கிலிசில் சொன்னான். அதோடு அவன் வேலை முடிந்தது. பிறகு ஐந்து அதிகாரிகளும் ஒரு மணி நேரம் தங்களுக்குள் பேசினார்கள், சாட்சி கேட்டார்கள், தீர்ப்பு எழுதினார்கள். சிப்பாய் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலை படை முழுவதையும் நாற்சதுரமாக நிறுத்தி, நடுவில் அவனைக் கொண்டுவந்தார்கள். தீர்ப்பை உரக்க வாசிக்கும் வேலை நம்முடைய கப்டனுக்கு. நூற்றைம்பது கசையடி. வாசித்து முடித்ததும் அந்தச் சிப்பாய் கப்டனைப் பார்த்து மரியாதையாகத் தலை வணங்கினான். தன்னை மன்னித்து விட்டதாக ஏதோ கடிதம் வாசிக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறான். கையைப் பிடித்துக் கட்டும்போதுதான் அவனுக்கு விளங்கியது.

கப்டன் அந்த வருடமே பதவியை விட்டார். இங்கே வந்து ஆட்டிறைச்சி மென்று பாரிஸ்டர் ஆனார். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பிரசுரம் எழுதினார். படையில் கசையடியை நிறுத்தவேண்டும், சட்டத்தைச் சாதாரண சனத்துக்கு விளங்கும்படி அச்சிடவேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவனை விசாரிக்கும் இடத்தில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் அவனுக்கு அவன் பாஷையில் சொல்லப்படவேண்டும். தனக்கு விளங்காத விசாரணை அவனைப் பொறுத்தவரை நடக்காத விசாரணை என்பது அவர் வாதம். பலன் என்ன? படைச் சாப்பாட்டு அறையில் அவர் பெயரை வெட்டினார்கள். வழக்குக் கொண்டுவருபவர்கள் அவர் வாசலை மிதிக்கவில்லை. அந்தச் சிப்பாயைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்க அலைந்ததாகவும், ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றும் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்.

சிவராசா ரொட்டிக் கடதாசியை மடித்தார். "அந்தச் சார்ஜன்ட் ஏன் ஐயா மிச்சத்தைச் சொல்லேல்லை? அவனுக்குப் பாஷை தெரியும்தானே?"

"அவனை அவ்வளவுக்குத்தான் கூப்பிட்டது. கேள்வியைச் சொல்லு, பதிலைச் சொல்லு எண்டு," என்றேன்.

"பக்கத்திலை நிண்டவன்தானே. ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

அவன் கூலிக்கு மாரடிப்பவன் என்று சொல்லி, பேச்சை வியாழக்கிழமைக்குத் திருப்பினேன். முப்பத்தொரு வருடம் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றவன் பக்கத்தில் இருக்கும்போது புத்திமதி கேட்காமல் விடலாமா? அவரும் கேட்டார், நானும் தாராளமாகக் கொடுத்தேன்.

"நீர் கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லும். இடையிலை வாய் திறவாதையும். தீர்ப்புச் சொல்லுற பெரியவர் உம்மைப் பாக்கேக்கை, மற்ற அதிகாரிமார் பாக்கேக்கை, மரியாதையாத் தலையை ஆட்டும். முறைச்சுக்கொண்டு இருந்தால் திமிர் பிடிச்சவன் எண்டு நினைப்பினம்."

"ஓம் ஐயா," என்றார் சிவராசா. பாடமாக்குவதுபோல மெல்லத் தலையையும் ஆட்டிப் பார்த்தார்.

1.30. வழக்கு நடக்கும் கட்டிடத்தைக் கண்டுபிடித்தோம். ஆற்றிலிருந்து பதினொரு நிமிட நடை. நீதிமன்றம் போலவே இல்லை, இன்ஷூரன்ஸ் கந்தோர் மாதிரி இருந்தது. சிவராசா வாசலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

வியாழக்கிழமை, பிற்பகல் 2.10. மூன்றாம் மாடியில் ஓர் அறை. கம்பளம் விரித்த தரை, நீண்ட மேசை, கண்ணாடிக் கூசாவில் தண்ணீர். கூண்டும் இல்லை, கறுப்புச் சட்டையும் இல்லை. நடுவில் தீர்ப்புச் சொல்லும் அதிகாரி. வயதானவர், மூக்கின் நுனியில் கண்ணாடி. ஒரு பக்கம் அரசுத் தரப்பு அதிகாரி. மறுபக்கம் சிவராசாவின் சட்டத்தரணி, ஓர் இளம் ஆங்கிலேயர். அன்றைக்கு அவர் கையில் ஐந்து கோப்புகள், சிவராசாவை அன்று காலைதான் முதலில் கண்டவர். சிவராசாவுக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மலேசியத் தமிழ்ப் பெண்மணி. நான் பின்னால் பார்வையாளர் கதிரையில் இருந்தேன்.

முதல் நாற்பது நிமிடம் கேள்வியும் பதிலும். அந்தப் பெண்மணியின் மொழிபெயர்ப்பில் குற்றம் பிடிக்க எவ்வளவோ முயன்றேன், முடியவில்லை. சுத்தமான வேலை. பிறகு தீர்ப்புச் சொல்பவர் அவருக்கு நன்றி சொன்னார். அந்தப் பெண்மணி கைகளை மடியில் கோத்துக்கொண்டு தண்ணீர்க் கூசாவைப் பார்க்கத் தொடங்கினார்.

அதற்குப் பிறகுதான் வழக்கே நடந்தது. அரசுத் தரப்பு அதிகாரி இருபத்தைந்து நிமிடம் இங்கிலிசில் பேசினார். சிவராசா நாட்டைவிட்டு வெளிக்கிடுவதற்கு முன் பதினொரு மாதம் கொழும்பில் இருந்திருக்கிறார், அங்கே அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை, ஆகவே திருப்பி அனுப்பினால் கொழும்பில் நிம்மதியாக இருக்கலாம் என்றார். அந்தப் பதினொரு மாதமும் சிவராசா கொழும்பில் கடற்காற்று வாங்கவில்லை. பிடித்துத் தடுப்பில் வைத்திருந்தார்கள். அது அவர் கொடுத்த வாக்குமூலத்தில் இன்னொரு பக்கத்தில், ஊர்ப் பெயர் இல்லாமல் இருந்தது. இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. சட்டத்தரணி அடுத்த வழக்கின் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

இதைச் சொல்லிவிட்டு அந்த அதிகாரி சிவராசாவைப் பார்த்தார். தீர்ப்புச் சொல்பவரும் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். சிவராசா இருவரையும் பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

அரசுத் தரப்பு அதிகாரி இன்னொரு தடவை சொன்னார், இன்னொரு தடவை பார்த்தார். சிவராசா இன்னொரு தடவை ஆட்டினார். தீர்ப்புச் சொல்பவர் குனிந்து ஏதோ எழுதினார். "ஆட்டாதையும்!" என்று கத்த வாய் வந்துவிட்டது. பாதி எழும்பினேன். வாசலில் நின்ற சேவகர் என்னைப் பார்த்தார். முப்பத்தொரு வருடப் பழக்கம் தோளைப் பிடித்து என்னைத் திரும்ப இருத்தியது. நான் இருந்துவிட்டேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

3.25. வெளியே தாழ்வாரத்தில் மொழிபெயர்ப்பாளரை மறித்துக்கொண்டேன். என் கோபத்துக்கு அந்த நேரத்தில் கிடைத்த ஆள் அவர்தான்.

"அம்மா, அந்த மனிசன்ரை சீவியத்தைப் பற்றி அரை மணித்தியாலம் கதைச்சவை. பக்கத்திலை இருந்துகொண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே நீங்கள்? அவர் என்னத்துக்குத் தலையாட்டினவர் எண்டு உங்களுக்கு விளங்கேல்லையே?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "விளங்கிச்சு ஐயா. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்திச்சு. ஆனா கேள்வியையும் பதிலையும் மட்டும் சொல்லுனுதான் சொல்லியிருக்காங்க. இடையில பேசுனா அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்க." கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நீங்களும் கோர்ட்ல இதே வேலைதான் பார்த்தீங்கன்னு சிவராசா சொன்னாரு. நீங்க எல்லாத்தையும் சொல்லிடுவீங்களா ஐயா? வக்கீல் பேசுறது, ஜட்ஜு பேசுறது, எல்லாம்?"

உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவர் குரலில் நக்கல் இல்லை.

ஒரு வழக்கு ஞாபகத்துக்கு வந்தது. மாடு களவெடுத்ததாக ஊர்காவற்றுறைப் பக்கத்து மனிதன் ஒருவன். நீதவானும் இரண்டு பக்கத்துப் பிரக்கிராசி வக்கீல்மாரும் அவனைப் பற்றி நீளமாக இங்கிலிசில் பேசிக்கொண்டிருந்தபோது, கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்து, "ஐயா, என்ன சொல்லினம்?" என்று கேட்டான். "பேசாமல் நில்," என்றேன். ஏழு மாதம் சிறை மறியல். தீர்ப்பு வாசித்ததும் நீதவானைக் கும்பிட்டான். சிறைக் காவலாளி தோளில் கைவைத்த பிறகுதான் திரும்பி என்னைப் பார்த்தான்.

இப்படி எத்தனை பேர்! அன்றன்று மாலை வீடு போய், விளக்கேற்றி, கப்டனின் பிரசுரத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெள்ளைக்காரனின் அநியாயத்தை வாசித்துக் கொதித்திருப்பேன். முப்பத்தொரு வருடம் அந்தக் கதையை வாசித்தும் சொல்லியும் வந்த நான், அதில் என்னைக் கப்டன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் சார்ஜன்ட். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு அதைக் காட்ட ஒரு மலேசியப் பெண்மணி லண்டன் தாழ்வாரத்தில் நிற்கவேண்டியிருந்தது. கப்டனாவது அந்தச் சிப்பாய் தலை வணங்கியதைப் பார்த்துப் பதவியை விட்டார். நானோ சிவராசாவுக்கு வணங்கப் பழக்கிக் கொடுத்திருந்தேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அம்மா," என்றேன். அவர் அவசரமாக அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து, சனிக்கிழமை, காலை 11.00. தீர்ப்பு தபாலில் வந்தது. ஒன்பது பக்கம். இந்திரன் வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "சரிவரேல்லை, சிவராசா அண்ணை," என்றான்.

சிவராசா சமையலறைக் கதிரையில் இருந்தார். தாள்களை வாங்கி மேசையில் வரிசையாக அடுக்கினார். பிறகு என்னைப் பார்த்து, "முதலிலை இருந்து வாசியுங்கோ ஐயா. எல்லாத்தையும்," என்றார்.

வாசித்தேன். ஒரு வரி விடவில்லை. ஒன்பது பக்கத்துக்கும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. ஆறாம் பக்கத்தில் இருந்தது அது. மனுதாரர் கொழும்பில் பதினொரு மாதம் தொந்தரவின்றி வாழ்ந்ததாக அரசுத் தரப்புச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை, தலையசைத்து ஏற்றுக்கொண்டதைத் தாம் கவனித்ததாகத் தீர்ப்புச் சொன்னவர் எழுதியிருந்தார். ஒரு மனிதன் பணிவாக இருந்தான், அந்தப் பணிவையே எடுத்து அவன் கழுத்தில் சுருக்காகப் போட்டுவிட்டார்கள். மேசையில் கையால் அடித்தேன். தேநீர்க் கோப்பை கவிழ்ந்தது.

"நான் ஓமெண்டு சொல்லி ஆட்டேல்லை. அவை என்னைப் பார்த்தவை, அதுதான்," என்றார் சிவராசா. அப்படி ஆட்டச் சொன்னது யார் என்று அவர் சொல்லவில்லை. இந்திரனுக்கு முன்னால் என்னை வெட்கப்படுத்த அவருக்கு மனம் வரவில்லை. நானே சொன்னேன். இந்திரன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விரும்பவில்லை.

திங்கட்கிழமை, பிற்பகல் 3.00. சட்டத்தரணியின் கந்தோர், ஒரு கோழிக்கறிக் கடைக்கு மேல் மாடி. மேலும் ஒரு முறையீடு செய்ய இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. எனக்கு அடுத்த நாள் விமானம். நான் ஒரு சத்தியக்கடதாசி தருவதாகச் சொன்னேன். தலையாட்டச் சொல்லிக் கொடுத்தது நான், எங்கள் ஊரில் அதிகாரியைப் பார்த்துத் தலையாட்டுவது மரியாதையே தவிர சம்மதம் இல்லை, அரசுத் தரப்பு அதிகாரியின் பேச்சு முழுவதும் இங்கிலிசில் நடந்தது, அதில் ஒரு சொல்லும் சிவராசாவுக்கு மொழிபெயர்க்கப்படவில்லை, அந்தப் பதினொரு மாதமும் அவர் தடுப்பு முகாமில் இருந்தார். சட்டத்தரணிக்கு முகம் மலர்ந்தது. இது உதவும் என்றார். தம்முடைய கவனக்குறைவைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. நான் அதை விட்டுவிடவில்லை, அதையும் கட்டாயப்படுத்தி எழுத வைத்தேன்.

அரை மணித்தியாலம் நான் சொல்லச் சொல்ல அவர் தட்டச்சு செய்தார். நல்ல இங்கிலிஸ். என் முழுப்பெயர், ஊர், உத்தியோகம் எல்லாம் போட்டுக் கையெழுத்து வைத்தேன். கப்டன்கூடத் தம் பெயரை மறைத்தார், நான் மறைக்கவில்லை என்று எனக்குள் ஒரு நிமிர்வு வந்தது. சிவராசா பக்கத்துக் கதிரையில், முழங்கால்மேல் கை வைத்துக்கொண்டு இருந்தார். மறுநாள் பின்னேரம் நாலு மணிக்கு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புவதாகச் சொல்லி, எனக்கும் ஒரு பிரதி தந்தார் சட்டத்தரணி.

செவ்வாய்க்கிழமை, காலை 10.10. ஊருக்குப் புறப்பாடு. இந்திரனுக்கு வேலை, வழியனுப்ப சிவராசா வந்தார். ஹமர்ஸ்மித்தில் ரயில் மாறி, ஹீத்ரோ போகும் ரயிலில் இடம் பிடித்து, பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டோம். வெளியே வீடுகளின் பின்பக்கங்கள் ஓடின. உடுப்புக் காயப்போட்ட கொடிகள், துருப்பிடித்த சைக்கிள்கள், பெயின்ட் உரிந்த வேலிகள். வாசலில் மட்டும்தான் லண்டன் பவுடர் பூசிக்கொள்கிறது. பின்பக்கம் யாழ்ப்பாணத்து எங்கள் கொட்டடித் தெருவைவிடத் திறம் இல்லை. இந்த ஊரையும் எங்கள் ஊரையும் ஒப்பிட்டு முடிவாக ஏதாவது எழுதவேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் நீதிமன்றத்தில் ஏழை நின்றுகொண்டு விளங்காமல் கேட்கிறான், இங்கே கதிரை கொடுத்து இருத்தி விளங்காமல் கேட்க வைக்கிறார்கள் என்று ஒரு வசனம் மனதில் வந்தது. நல்ல வசனம் என்று நினைத்தேன்.

"ஐயா, ஒண்டு கேக்கலாமோ?" என்றார் சிவராசா.

"கேளும்."

"நேற்று அந்தக் கடுதாசியிலை என்ன எழுதினீங்கள்? என்ரை விசயம்தானே. எனக்கு ஒருத்தரும் வாசிச்சுக் காட்டேல்லை."

ரயில் ஏதோ ஸ்டேஷனில் நின்று கதவு திறந்து மூடியது. மொழிபெயர்ப்பு நடக்கவில்லை என்று அரை மணித்தியாலம் இங்கிலிசில் முழங்கியிருக்கிறேன், பக்கத்துக் கதிரையில் அந்த மனிதனை ஊமையாக இருத்தி வைத்துக்கொண்டு! படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில். யாரை இனிக் கோபிப்பது? இரண்டு கன்னத்திலும் நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

பையைத் திறந்து பிரதியை எடுத்தேன். முதல் வரியிலிருந்து தொடங்கி, கமாவுக்குக்கூட நிறுத்தி, தமிழில் வாசித்தேன். எதிரே இருந்த வெள்ளைக்காரி பத்திரிகையைத் தாழ்த்திப் பார்த்தார். பார்க்கட்டும். ஹவுன்ஸ்லோ வெஸ்ட் ஸ்டேஷனில் முடித்தேன்.

சிவராசா இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை. தாளை வாங்கி, தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த எழுத்தின்மேல் விரலை வைத்தார்.

"இரண்டாம் பக்கத்திலை ஒரு பிழை இருக்கு ஐயா. பதினொரு மாசமும் முகாமிலை இல்லை. ஒன்பது மாசம்தான். அவங்கள் அடிச்ச அடியிலை கால் வீங்கி, கடைசி ரெண்டு மாசம் காவலோடை ஆஸ்பத்திரியிலை இருந்தனான். ஆஸ்பத்திரித் துண்டு இங்கத்தை அரசாங்க ஆக்களிட்டை இருக்கு. நான்தான் குடுத்தனான்."

அரசுத் தரப்பு அதிகாரி அந்தத் துண்டை எடுத்து நீட்டினால் போதும். சிவராசாவும் பொய்யர், அவருக்காகச் சத்தியம் செய்த கிழவனும் பொய்யன். கடைசிக் கதவும் என் கையாலேயே அடைபட்டிருக்கும். நேற்று அந்தக் கதிரையில் இருந்தவரிடம் ஒரு தரம் திரும்பிக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

மணி பதினொன்று நாற்பது. சத்தியக்கடதாசி நாலு மணிக்குப் போகும். ஹீத்ரோவில் கதவு திறந்ததும் நான் விமானக் கவுண்டர் எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. இருவரும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு, சட்டத்தரணியைக் கூப்பிட டெலிபோன் தேடி ஓடினோம்.